முதல் குழந்தை, முதல் 45 நாள்: அப்பாக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நம்ம பக்கம் முதல் பிரசவம்னா பொண்ணு தாய் வீட்டுக்குப் போயிடும். வளைகாப்பு முடிஞ்ச கையோட கூட்டிட்டுப் போனா, குழந்தைக்கு மூணு மாசமோ அஞ்சு மாசமோ ஆன பிறகுதான் திரும்பி வரும், அதுவரைக்கும் அப்பாங்கறவர் சனிக்கிழமை பஸ் ஏறிப்போய் ஞாயித்துக்கிழமை நைட் திரும்புற விருந்தாளிதான். நானும் கோயம்புத்தூர்ல வேலை பாத்துக்கிட்டு, திருநெல்வேலி பக்கத்துல இருக்கற மாமனார் வீட்டுக்கு அப்படித்தான் போயிட்டு வர்றதா இருந்தேன். ஆனா பொண்ணு பிறந்த நாலாவது நாள் நடந்த ஒரு விஷயத்தால (கீழ சொல்றேன்) லீவை நீட்டிச்சு, மிச்சத்துக்கு வீட்லேர்ந்தே வேலை பாக்கறேன்னு பெர்மிஷன் வாங்கி, 45 நாளும் அங்கேயே இருந்துட்டேன். அந்த நாள்கள்ல நான் செஞ்சு கத்துக்கிட்டது, குழந்தை டாக்டரும் கிராம சுகாதார நர்ஸ் அக்காவும் சொல்லிக் குடுத்தது, எல்லாத்தையும் வரிசையா எழுதுறேன். தாய்ப்பால் குடுக்கறது ஒண்ணத் தவிர பச்சப்புள்ளைக்கு வேண்டிய எல்லாத்தையும் அப்பாவால செய்ய முடியும், முதல் நாள்லேர்ந்தே செய்யணும், இதான் நான் சொல்ல வர்றது.

ஸ்டெப் 1: எட்டாம் மாசத்துலயே முடிக்க வேண்டிய வேலை

ஒரு ஃபைல் போடுங்க. ஸ்கேன் ரிப்போர்ட், தாய் சேய் அட்டை, ரெண்டு பேர் ஆதார் ஜெராக்ஸ், முக்கியமா பிக்மி நம்பர் (கர்ப்பத்தை அரசு சுகாதாரத் துறையில பதிவு பண்ணும்போது குடுக்கற நம்பர்). தமிழ்நாட்டுல பிறப்புச் சான்றிதழுக்கு இந்த நம்பர் கேப்பாங்க, பிரைவேட் ஆஸ்பத்திரில பாத்தாலும் கேப்பாங்க, அதனால இன்னும் எடுக்கலன்னா இன்னைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துல போய் கேளுங்க. மனைவியோட பிளட் குரூப் நெகட்டிவ்வா இருந்தா அத அட்டையோட முன்பக்கமே பெருசா எழுதி வைங்க, ஏன்னா குழந்தை பாசிட்டிவ்னா அடுத்த குழந்தைக்குப் பாதிப்பு வராம இருக்க, பிரசவம் ஆன 72 மணி நேரத்துக்குள்ள அம்மாவுக்கு ஆன்டி-டி ஊசி போட்டாகணும், அத நினைவுபடுத்துறது உங்க வேலை.

துணி விஷயத்துல கடையில விக்கிற ஃபேன்ஸி செட்டெல்லாம் அப்புறம். தாத்தாவோட பழைய காட்டன் வேட்டி நாலஞ்சு வாங்கி, துவைச்சு, வெயில்ல நல்லா காயவச்சு, சதுரமா கிழிச்சு அடுக்குங்க. பச்சப்புள்ள தோலுக்கு அந்தத் துணி மாதிரி ஒண்ணு கிடையாது, ஒரு நாளைக்கு 15, 20 துணி போகும்.

இன்னொன்னு, மனைவியோட உக்காந்து சில விஷயங்களை முன்னாடியே பேசி முடிவு பண்ணிடுங்க. குழந்தை வாயில முதல்ல என்ன போகணும், யார் யாரை எப்போ பாக்க விடறது, நைட் யார் கூட படுக்கறது, இதெல்லாம் பிரசவ வார்டு வாசல்ல நின்னு பேச முடியாது. பேசினத மாமியார் மாமனார் கிட்டயும் தன்மையா சொல்லிடுங்க.

ஸ்டெப் 2: முதல் ஒரு மணி நேரம்

சுகப்பிரசவம்னா ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால், சிசேரியன்னா அம்மாவுக்கு நினைவு தெளிஞ்சு முடியுற நிலைமைக்கு வந்த உடனே. முதல் ரெண்டு மூணு நாள் வர்ற சீம்பால் மஞ்சளா, கெட்டியா, கொஞ்சமாத்தான் வரும். அத பாத்துட்டு "பால் பத்தல"ன்னு சொந்தக்காரங்க பேச ஆரம்பிப்பாங்க. பிறந்த குழந்தையோட வயிறு ரொம்பச் சின்னது, அந்தச் சொட்டு சொட்டா வர்றதே அதுக்குப் போதும், அதுல நோய் எதிர்ப்பு சக்தி நிறைஞ்சிருக்கு.

நம்ம ஊர்ல சேனை தொட்டு வைக்கற பழக்கம் இருக்கு, சீனித் தண்ணியோ தேனோ நாக்குல தடவுவாங்க, சில ஊர்ல கழுதைப் பாலும் சங்குல குடுப்பாங்க. எதுவும் வேண்டாம். தேன்ல இருக்கக்கூடிய ஒரு வகை கிருமி ஒரு வயசுக்குள்ள இருக்கற குழந்தைங்க குடல்ல வளர்ந்து நரம்பையே பாதிக்கும். எங்க வீட்ல ஆச்சி "நாங்க எத்தன புள்ளைய வளத்துருக்கோம், எங்களுக்குத் தெரியாதாய்யா"ன்னு வருத்தப்பட்டாங்க. நான் எதிர்த்துப் பேசல, "டாக்டர் கண்டிப்பா கூடாதுன்னுட்டாங்க ஆச்சி, நீங்க நெத்தில தொட்டு ஆசீர்வாதம் பண்ணுங்க"ன்னேன், பண்ணாங்க, அவங்க மனசும் நோகல. டாக்டர் பேரைச் சொல்லி மறுக்கற இந்த வேலையை நீங்க எடுத்துக்கிட்டா, பெத்த உடம்போட உங்க மனைவி சண்டை போட வேண்டியிருக்காது.

ஆஸ்பத்திரிலேர்ந்து வர்றதுக்கு முன்னாடி பிசிஜி (காசநோய்க்கான தடுப்பூசி), போலியோ சொட்டு மருந்து, ஹெபடைட்டிஸ் பி (இது 24 மணி நேரத்துக்குள்ள) மூணும் போட்டாச்சான்னு அட்டையில பாருங்க. தைராய்டு டெஸ்ட்டும் காது கேக்குதான்னு பாக்கற டெஸ்ட்டும் எடுத்தாங்களான்னு கேளுங்க. குதிகால்ல ஒரு சொட்டு ரத்தம் எடுக்கற அந்த தைராய்டு டெஸ்ட்டுல சீக்கிரமே தெரிஞ்சா மாத்திரையிலயே சரியாயிடும், லேட்டானா மூளை வளர்ச்சி பாதிக்கும்.

ஸ்டெப் 3: பால்

24 மணி நேரத்துல 8லேர்ந்து 12 தடவை குடிக்கும். கடிகாரம் பாத்துக் குடுக்கறத விட குழந்தை வாயைத் திறந்து தலையைத் திருப்பித் தேடும், கையை வாயில வைக்கும், அப்பவே குடுத்துடணும். வீறிட்டு அழுதுட்டா மார்பைப் பிடிக்கவே கஷ்டப்படும்.

முதல் வாரத்துல நிறைய அம்மாக்கள் அழறது காம்பு வெடிச்சு வர்ற வலியாலதான். குழந்தை காம்பை மட்டும் வாயில வச்சு சப்பினா வெடிக்கும். வாயை நல்லா பெருசா திறந்து, கருப்பு வட்டத்துல பெரும்பகுதி உள்ள போய், தாடை மார்புல ஒட்டி, கீழ் உதடு வெளிய மடிஞ்சு இருக்கணும். உக்காந்திருக்கற அம்மாவுக்கு இது மேலேர்ந்து தெரியாது, பக்கத்துல இருக்கற உங்களுக்குத் தெரியும். அதனால ஆஸ்பத்திரில இருக்கும்போதே நர்ஸ் கிட்ட கேட்டு ரெண்டு பேரும் சேர்ந்து கத்துக்கோங்க. முதுகுக்குத் தலகாணி வைங்க, பெரிய டம்ளர்ல தண்ணி கைக்கெட்டுற மாதிரி வைங்க.

தண்ணின்னதும் ஞாபகம் வருது. பச்ச உடம்புக்காரி தண்ணி குடிச்சா வயிறு போட்டுடும், குழந்தைக்குச் சளி பிடிக்கும்னு டம்ளரையே ஒளிச்சு வைக்கற வீடுகள் இன்னும் இருக்கு. பூண்டுக் குழம்பு, சுறா புட்டு, கருவாடு, பிரசவ லேகியம் எல்லாம் அளவா சாப்பிடட்டும், ஆனா தாகத்துக்குத் தண்ணியும் பழமும் கீரையும் குறைக்கவே கூடாது, டாக்டர் எழுதிக்குடுத்த இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரையும் விடக்கூடாது.

குழந்தைக்கு ஆறு மாசம் வரைக்கும் தண்ணி கிடையாது, கத்திரி வெயில்னாலும் கிடையாது, தாய்ப்பாலே தண்ணிதான். கிரைப் வாட்டர், உரை மருந்து, பசும்பால் எதுவும் வேண்டாம். தினம் 400 ஐயூ வைட்டமின் டி சொட்டு மட்டும் குழந்தை டாக்டர் எழுதிக்குடுப்பாரு. சில அம்மாக்களுக்கு நிஜமாவே பால் பத்தாது, டாக்டர் ஃபார்முலா சொன்னா குற்ற உணர்ச்சி இல்லாம குடுங்க, ஆனா கொதிக்க வச்ச தண்ணில டப்பாவுல போட்டிருக்கற அளவு மாறாம கலக்கணும், பவுடர் சீக்கிரம் தீருதேன்னு தண்ணியா கலக்கறது ஆபத்து.

ஸ்டெப் 4: ஒரு நோட்டு, ரெண்டு கோடு

பால் போதுமான்னு சந்தேகம் வராத வீடு இல்ல. ஒரு சின்ன நோட்டுல ஒண்ணுக்கு ஒரு கோடு, ரெண்டுக்கு ஒரு கோடு போட்டுட்டு வாங்க. முதல் நாள் ஒரு தடவை, ரெண்டாவது நாள் ரெண்டு தடவைன்னு கூடி, அஞ்சாறு நாளுக்கு மேல 24 மணி நேரத்துல ஆறு தடவைக்குக் குறையாம ஒண்ணுக்குப் போனா பால் போதுது. மலம் முதல்ல தார் மாதிரி கருப்பா ஒட்டும், அப்புறம் பச்சை, நாலஞ்சு நாள்ல கடுகு கலந்த மாதிரி மஞ்சள். எடை முதல்ல குறையும், 3 கிலோல பிறந்த குழந்தை 2.75 வரைக்கும் இறங்கினா பயப்படாதீங்க, ரெண்டு வாரத்துக்குள்ள பழைய எடைக்கு வந்து அதுக்கப்புறம் ஒரு நாளைக்கு 20, 30 கிராம்னு ஏறணும்.

ஸ்டெப் 5: மஞ்சக்காமாலை, இத மட்டும் ரெண்டு தடவை படிங்க

எங்க பொண்ணு மூணாவது நாள் வீட்டுக்கு வந்தா. நாலாவது நாள் காலைலேர்ந்து தூங்கிட்டே இருந்தா, பாலுக்குக்கூட எழும்பல, "சாதுவான புள்ள, அம்மாவ கஷ்டப்படுத்தல"ன்னு எல்லாரும் சந்தோஷப்பட்டோம். முகம் மஞ்சளா இருக்கேன்னு கேட்டதுக்கு காலை வெயில்ல காட்டினா போயிடும்னாங்க, காட்டினோம். சாயங்காலம் நர்ஸ் அக்கா பாக்க வந்தாங்க, உள்ளங்காலை விரலால அழுத்தி எடுத்தாங்க, அந்த இடம் மஞ்சளா தெரிஞ்சது, நோட்டைப் பாத்தாங்க, அன்னைக்கு ஒண்ணுக்கு ரெண்டு கோடுதான். உடனே கிளம்புங்கன்னாங்க. ரெண்டு நாள் நீல லைட்டுக்கு அடியில கண்ணக் கட்டிப் படுக்க வச்சிருந்தாங்க, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, நான் ஞாயித்துக்கிழமை கிளம்பிப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு மட்டும்தான் யோசிச்சேன்.

பிறந்த குழந்தைக்கு சிவப்பணு நிறைய உடையும், அதுலேர்ந்து வர்ற பிலிருபினை வெளியேத்த கல்லீரல் இன்னும் பழகியிருக்காது, அதனால ரெண்டு மூணு நாள்ல லேசா மஞ்சளாகறது நிறைய குழந்தைங்களுக்கு வர்றதுதான். பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா போயிடும். ஆனா 24 மணி நேரத்துக்குள்ளயே மஞ்சள் வந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரைக்கும் பரவினாலோ, எழுப்பியும் பால் குடிக்காம சோர்ந்து கிடந்தாலோ அது வெயிலுக்கு அடங்காது, அன்னைக்கே ரத்தம் எடுத்துப் பாக்கணும். ரொம்ப ஏறிட்டா மூளைய பாதிச்சு காது கேக்காமகூட போகலாம். முதல் ரெண்டு வாரம் குழந்தை நாலு மணி நேரத்துக்கு மேல தூங்கினா எழுப்பிப் பால் குடுங்க.

கீழ சொல்றதுல எது இருந்தாலும் காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க: 100.4க்கு மேல காய்ச்சல், உடம்பு சில்லுன்னு ஆகறது, ஒரு முழு நிமிஷம் எண்ணினா மூச்சு 60க்கு மேல போறது, மூச்சு விடும்போது நெஞ்சு உள்ள குழியறது, வலிப்பு, பச்சையா வாந்தி, தொப்புளைச் சுத்தி சிவந்து சீழ். காய்ச்சல் மருந்து குடுத்துட்டுக் காத்திருக்கறதெல்லாம் பெரிய குழந்தைக்கு, இந்த வயசுக்கு நேரா ஆஸ்பத்திரிதான். வண்டி இல்லன்னா 108.

பயப்பட வேண்டாதது எதுன்னும் சொல்லிடறேன். விக்கல், தும்மல், தோல் உரியறது, மூக்குல வெள்ளைப் புள்ளி, முதுகுல நீலத் திட்டு, கை கால் மட்டும் லேசா குளிர்ச்சியா இருக்கறது (வயித்தைத் தொட்டுப் பாருங்க, அது வெதுவெதுப்பா இருந்தா போதும்), பொம்பளப் புள்ளைக்கு முதல் வாரத்துல ரெண்டு சொட்டு ரத்தம் படறது, எல்லாம் சாதாரணம்.

ஸ்டெப் 6: நைட்

மாமனார் வீட்ல முதல் நாள் எனக்கு ஹால்ல பாய் போட்டாங்க. குழந்தையும் அம்மாவும் உள் ரூம்ல, அத்தை கூட படுப்பாங்க, அதான் வழக்கம். நான் அத்தை கிட்ட, "நீங்க பகல் பூரா பத்தியச் சமையல், துணி, வர்றவங்க போறவங்கன்னு நிக்கிறீங்க, நைட்டாவது தூங்குங்க அத்தை, நான் பாத்துக்கறேன்"ன்னு கேட்டேன். முதல்ல தயங்கினாங்க, "உங்களுக்கு எதுக்கு மாப்பிள கஷ்டம்"ன்னாங்க, அப்புறம் விட்டுட்டாங்க. ஒரு வாரத்துல அவங்க முகத்துலயே தெளிச்சி தெரிஞ்சது. நீங்களும் கூச்சப்படாம கேளுங்க.

நாங்க பண்ணின முறை: குழந்தை சிணுங்கினதும் நான் எழுந்து துணி மாத்தி மனைவி கையில குடுப்பேன், அவ பால் குடுத்துட்டு உடனே படுத்துடுவா, நான் தோள்ல போட்டு 10, 15 நிமிஷம் முதுகைத் தடவி ஏப்பம் வர வச்சு, படுக்கப் போடுவேன். ஒரு தடவை முழிக்கும்போது அவளுக்கு 40 நிமிஷம் மிச்சம், ஒரு நைட்டுக்கு நாலு தடவைன்னா கணக்குப் போட்டுப் பாருங்க. தாய்ப்பால் ஓட்டம் செட் ஆன பிறகு, நாலாவது வாரம்போல, படுக்கறதுக்கு முன்னாடி எடுத்து வச்ச பாலை நடுராத்திரி நானே சங்குல குடுத்தேன். பாட்டிலை விட சங்கு கழுவறது ஈஸி, கிருமி தங்கற இடமும் கம்மி. எடுத்த பாலை நம்ம ஊர் சூட்டுல வெளிய வைக்காம உடனே ஃபிரிட்ஜ் உள்பக்கம் வைங்க, குடுக்கும்போது சுடுதண்ணி கிண்ணத்துல வச்சு வெதுவெதுப்பாக்குங்க, அடுப்புல காய்ச்சக் கூடாது.

தூங்க வைக்கும்போது எப்பவும் மல்லாக்கத்தான், கெட்டியான விரிப்புல, தலகாணி, கனமான போர்வை, பொம்மை எதுவும் பக்கத்துல இல்லாம. தலை உருண்டையா வரணும்னு கடுகுத் தலகாணி வைப்பாங்க, வேண்டாம். சேலைத் தொட்டில்ல குழந்தை நல்லாத் தூங்கும், உண்மைதான், ஆனா தாடை நெஞ்சுல இடிச்சு மடங்கிக்கிட்டா மூச்சு திணறும், அதனால பகல்ல கண்ணு முன்னாடி கொஞ்ச நேரம் மட்டும் போடுங்க, நைட் சமமான இடத்துலதான். நீங்க அசந்து தூங்குற நேரத்துல குழந்தையை நெஞ்சுல போட்டுக்கிட்டு சோஃபால சாயாதீங்க.

அழுகை நாள் ஆக ஆக கூடும், ஆறாவது வாரம்தான் உச்சம், அதுக்கப்புறம் தானா இறங்கும். பசி, ஈரம், காத்து, சூடு, கையில தூக்கி வச்சுக்கணும்னு ஆசை, இந்த வரிசைல பாருங்க. எல்லாம் பாத்தும் அழுதா வெறும் நெஞ்சோட ஒட்டி வச்சு மெதுவா நடங்க, என் பொண்ணுக்கு அதுதான் பிடிச்சது. ஒரு ராத்திரி மூணு மணிக்கு உங்களுக்குக் கோபம் தலைக்கேறும், ஏறினா குழந்தையை பத்திரமா படுக்க வச்சுட்டு அஞ்சு நிமிஷம் வெளிய போய் நில்லுங்க, அத்தைய எழுப்புங்க. எந்தக் காரணத்துக்கும் குழந்தையை உலுக்கக் கூடாது, மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிடும்.

ஸ்டெப் 7: குளிப்பாட்டறது

தொப்புள்கொடி ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா காஞ்சு விழும். அதுவரைக்கும் வெதுவெதுப்பான ஈரத்துணியால துடைச்சா போதும். கொடி மேல மஞ்சள், சாம்பல், எண்ணெய், பவுடர் எதுவும் போடாதீங்க, துணியை அதுக்குக் கீழ மடிச்சுக் கட்டுங்க.

அப்புறம் காலை நீட்டி வச்சு அதுல குழந்தையைப் போட்டுக் குளிப்பாட்டற ஆச்சிங்களோட கைப்பக்குவம் நிஜமாவே அருமையானது, தேங்காய் எண்ணெய் தேய்ச்சு விடறதும் நல்லதுதான், அந்தக் கலையை உக்காந்து கத்துக்கோங்க. சிலது மட்டும் வேண்டாம்னு முதல்லயே சொல்லிடணும்: மூக்குல காதுல எண்ணெய் விடறது, மூக்குல வாயை வச்சு ஊதறது, வீங்கியிருக்கற பிஞ்சு மார்பைப் பிதுக்கி பால் எடுக்கறது (சீழ் கட்டிடும்), கண்ணுக்குள்ள மை. சாம்பிராணிப் புகை நேரா முகத்துல படக் கூடாது. வசம்பை இழைச்சு நாக்குல தடவ வேண்டாம்.

ஸ்டெப் 8: பெத்தவளைப் பாருங்க

வர்றவங்க எல்லாரும் குழந்தையத்தான் பாப்பாங்க. ஆனா பெத்தவளுக்கு மூணாவது நாலாவது நாள்லேர்ந்து காரணமே இல்லாம அழுகை வரும், ஹார்மோன் சட்டுன்னு இறங்கறதால வர்றது, பக்கத்துல உக்காந்து கேளுங்க, அட்வைஸ் பண்ணாதீங்க, ரெண்டு வாரத்துல தெளியும். அதுக்கு மேலயும் சோகம் போகல, குழந்தை தூங்கினாலும் தூக்கம் வரல, நான் நல்ல அம்மா இல்ல, செத்துடலாம்னு பேசினா அது நோய், சிகிச்சை இருக்கு. டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போங்க, அரசோட மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ல எந்த நேரமும் தமிழ்லயே பேசலாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது பண்ணிடுவேன்னு சொன்னா ஒரு நிமிஷம்கூட தனியா விடாதீங்க, உடனே ஆஸ்பத்திரி.

உடம்புல கவனிக்க வேண்டியது: ஒரு மணி நேரத்துல ஒரு பேட் முழுக்க நனையற ரத்தப்போக்கு, காய்ச்சல், நாத்தம், கண்ணு மங்கற தலைவலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கறது, மார்பு கல்லு மாதிரி சிவந்து நோகறது, தையல் பிரியறது. இதுல எது வந்தாலும் உடனே காட்டணும். சிசேரியன்னா குழந்தையை விட கனமான எதையும் தூக்க விடாதீங்க.

பாக்க வர்றவங்களுக்கு ஒரு நேரம் வைங்க, சாயங்காலம் ஒரு மணி நேரம்னு. சளி இருமல் இருக்கறவங்க வாசலோட, மத்தவங்க கை கழுவிட்டு, முத்தம் கிடையாது. "அம்மா ஜாடையா அப்பா ஜாடையா"ல ஆரம்பிச்சு "பொண்ணா, பரவால்ல"ன்னு ஒருத்தர் சொல்லுவாரு, என் மனைவி அத கேட்டு அழுதா, நான் அவர் முன்னாடியே "எங்களுக்கு இவதான் வேணும்"ன்னேன். அப்படிப்பட்ட நேரத்துல சும்மா இருந்துடாதீங்க.

ஸ்டெப் 9: பேப்பர் வேலை

பிறந்த 21 நாளுக்குள்ள பதிவு ஆகணும், ஆஸ்பத்திரில பிறந்தா அவங்களே அனுப்பிடுவாங்க, ஆனா அப்பா அம்மா பேர் எழுத்துப்பிழை இல்லாம போயிருக்கான்னு நீங்க பாத்துடுங்க. குழந்தை பேரை ஒரு வருஷத்துக்குள்ள கட்டணம் இல்லாம சேத்துக்கலாம், அதனால பேருக்காகப் பதிவை நிறுத்தாதீங்க. 2023 அக்டோபர் 1லேர்ந்து பிறந்த குழந்தைங்களுக்கு ஸ்கூல், பாஸ்போர்ட்னு எல்லாத்துக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். அஞ்சு வயசுக்குள்ள எடுக்கற நீலக் கலர் ஆதாருக்கு கைரேகை எல்லாம் வேண்டாம், அதுக்கு அவசரமும் இல்ல.

ஸ்டெப் 10: 45வது நாள் ஊசி

ஆறு வாரத்துல பென்டாவேலன்ட், நிமோனியா ஊசி, போலியோ ஊசி, போலியோ சொட்டு, வயித்துப்போக்கைத் தடுக்கற ரோட்டா சொட்டு எல்லாம் ஒரே நாள்ல. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல எல்லாம் இலவசம், தடுப்பூசியோட தரம் பிரைவேட்டுக்குக் குறைஞ்சது இல்ல. பென்டா ஒரே ஊசியில தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, ஹெபடைட்டிஸ் பி, மூளைக்காய்ச்சல் வர வைக்கற ஹிப் கிருமின்னு அஞ்சையும் தடுக்குது. பிறந்தப்போ பிசிஜி போட்ட இடது தோள்ல இந்த சமயத்துல சின்னதா கொப்புளம் வந்து உடையும், அது வேலை செய்யுதுன்னு அர்த்தம், மருந்து தடவாதீங்க. அதே நாள் மனைவிக்கும் ஆறு வார செக்கப் பாத்துடுங்க, அடுத்த குழந்தைக்கு இடைவெளி விடறதப் பத்தி டாக்டர் கிட்ட ரெண்டு பேரும் சேர்ந்தே கேளுங்க, பால் குடுத்துட்டு இருந்தா கரு தரிக்காதுன்னு நம்பி இருந்துடாதீங்க.

ஊசி போட்டு வந்த ராத்திரி தொடை லேசா வீங்கும், காய்ச்சல் அடிக்கும், கையை விட்டு இறங்க மாட்டாங்க. காய்ச்சல்னா இந்த வயசுல நேரா ஆஸ்பத்திரின்னு மேல சொன்னேன், அதனால ஊசிக்கு அப்புறம் வர்ற காய்ச்சலுக்கு மருந்து எத்தன சொட்டு குடுக்கலாம், எவ்வளவு ஏறினா கூட்டிட்டு வரணும்னு அங்கேயே எடைக்குத் தக்க அளவு எழுதி வாங்கிட்டு வந்துடுங்க. வீங்கின இடத்துல ஈரத்துணி வைக்கலாம், தேய்க்கக் கூடாது, அடிக்கடி பால் குடுக்கணும். எங்க பொண்ணு அன்னைக்கு விடிய விடிய என் தோள்லதான் இருந்தா. அடுத்தது 10வது வாரம், அட்டையில தேதி எழுதி வாங்கிட்டு வந்துடுங்க, அந்தத் தேதிக்கு இப்பவே லீவும் சொல்லிடுங்க.